பாதையைப் பேணுவது யார் வேலை? பேராக் காட்டுத்தடங்கள் எழுப்பும் பழைய கேள்வி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போவுக்கு மேற்கே கிளெடாங் மலைத்தொடர், கிழக்கே தித்திவங்சா, நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு. மெங்லெம்புப் பக்கமிருந்து புக்கிட் கிளெடாங் உச்சிக்கு ஒரு தார்ச்சாலை ஏறுகிறது. உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்காகப் போட்ட சாலை அது. விடியும் முன்பே அதில் நடப்பவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். சாலையை விட்டுப் பிரிந்து காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளும் உண்டு. அவற்றில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவதும், வழுக்கும் ஏற்றத்தில் கயிறு கட்டுவதும், பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கிக் கீழே கொண்டுவருவதும் பெரும்பாலும் அங்கே நடக்க வருபவர்கள்தாம். சம்பளம் கிடையாது. நியமனக் கடிதமும் கிடையாது.

பொதுக் காட்டின் ஊடாகச் செல்லும் பாதையை யார் பேண வேண்டும்? காடு அரசினுடையது என்றால் அரசா? நடந்து இன்புறுபவரா? கட்டணம் வாங்கி அழைத்துச் செல்பவரா? அல்லது அந்தத் தடத்தை முதலில் மிதித்தவரும் அவர் வழிவந்தவருமா? இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில் விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பேராக்கை மையமாக வைத்து அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த விடையும் முழுதாகத் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றும் யாரையாவது கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது.

பாதைகள் வந்த வழி

இன்று உடற்பயிற்சிக்காக நடக்கும் தடங்களில் பல வேறொரு தேவைக்காக வெட்டப்பட்டவை. மலைகளில் செமாய், தெமியார் மக்களின் நடைவழிகள் இருந்தன. கோப்பெங் வட்டாரத்தில் ஈயச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவர மலைச்சரிவு நெடுகக் கால்வாய் வெட்டினார்கள், குழாய் பதித்தார்கள். தைப்பிங்கை ஒட்டிய புக்கிட் லாருட் 1884இல் மலைவாசத்தலமாகத் தொடங்கியது. அங்கே வெள்ளை அதிகாரிகள் குதிரையிலும் பல்லக்கு நாற்காலியிலும் ஏறினார்கள். நாற்காலியைச் சுமந்தவர்களும் பாதையைச் செதுக்கியவர்களும் கூலிகள். அந்த மலையில் பொழுதுபோக்கு தொடங்கிய நாளிலேயே பாதை வேலை இன்னொருவர் தோளில்தான் இருந்தது.

பிறகு ரப்பர் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் நாற்றுகள் 1877இல் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சார் வந்து சேர்ந்தன. அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட மரங்களின் எச்சமாக ஒரு முதிய மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கிந்தாவிலும் சுங்கை சிப்புட்டிலும் மலையடிவாரம் முழுக்கப் பால்மரமாயிற்று.

தோட்டத்துப் பாதையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், இந்த விவாதத்தின் ஒரு சாவி அங்கே இருக்கிறது. மலைச்சரிவில் மரங்களை நிரை நிரையாகச் சம மட்டத்தில் நட்டார்கள். பால் வெட்டுபவர் ஒரு நாளில் முடிக்க வேண்டிய மரங்களை ஒரே ஓட்டத்தில் சுற்றிவர அந்த நிரையே வழி. தொடக்கத்தில் தரையில் ஒரு புல் இல்லாமல் கொத்தி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார் எண்ணினார்கள். மழை வந்ததும் மேல்மண் ஆற்றுக்குப் போனது. ஈயச் சுரங்க வண்டலோடு தோட்டத்து மண்ணும் சேர்ந்து ஆறுகளைத் தூர்த்தது. அதன் பிறகுதான் மூடுபயிர், சமமட்ட வரப்பு, வண்டல் குழி என்று முறை மாறியது. அந்த வரப்பைப் போட்டவர், குழியை வெட்டியவர், கான் (வடிகால்) அடைத்துக்கொண்டால் மண்வெட்டியால் திறந்துவிட்டவர் எல்லாரும் வெளிக்காட்டு வேலைக்காரர்கள். சரிவில் தண்ணீரை எங்கே திருப்பிவிட்டால் பாதை நிற்கும் என்ற அறிவு, தமிழ்த் தொழிலாளியின் கைப்பழக்கமாக இரண்டு மூன்று தலைமுறை இருந்தது. இன்றைய தடப்பராமரிப்புக் கையேடுகள் முதல் பாடமாகச் சொல்லித் தருவதும் இதைத்தான்.

இதே நிரைகளில் ஓடி விளையாடியவர்களும் உண்டு. 1938இல் கோலாலம்பூரில் பிரிட்டிஷ்காரர்கள் தொடங்கிய ஹேஷ் ஓட்டம், ரப்பர் காட்டில் காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் காட்டித் துரத்தி ஓடும் விளையாட்டு. அது பின்னர் ஈப்போ உட்பட உலகமெங்கும் பரவியது. காலையில் பால்மங்கு சுமந்தவருக்கும் மாலையில் காகிதம் துரத்தியவருக்கும் ஒரே பாதைதான்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காடு என்பது நுழையக்கூடாத இடமாயிற்று. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரச் சீனக் குடியேற்றக்காரர்கள் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்ட லயங்கள் வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பூர்வகுடியினரில் பலர் காட்டுக்கோட்டைகளை ஒட்டிக் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுக் கட்சியுடன் ஹாட்யாய் உடன்பாடு கையெழுத்தானது 1989 டிசம்பரில். ஆக, பேராக்கின் உள்மலைகளுக்குப் பொதுமக்கள் பொழுதுபோக்காகப் போவது பரவலானது அண்மைக்காலத்தில்தான் என்று கொள்ளலாம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ நூறாண்டாக ஊறிய மலைநடைச் சங்கப் பண்பாடு இங்கே அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதல் விடை: காடு அரசினுடையது, பாதையும் அரசினுடையதே

காலனிய வனவியலின் விடை இது. கூட்டு மலாய் மாநிலங்களுக்கு 1901இல் பர்ன்-மர்டாக் தலைமை வன அதிகாரியானார். காடுகளை அளந்து எல்லை போட்டுக் காப்பகமாக அறிவிக்கும் பணி அதிலிருந்து வேகம் பெற்றது. இந்தப் பார்வையில் பாதை மூன்று வகை: எல்லைக்கோடு, ரோந்துத்தடம், மரம் இழுக்கும் வழி. சும்மா நடக்க ஒரு வழி வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பட்டியலில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் அரசமைப்புச் சட்டம் நிலத்தையும் காட்டையும் மாநிலங்களின் கையில் விட்டது. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் தீபகற்ப மாநிலங்களுக்கு ஒரு பொதுச் சட்டகத்தைத் தந்தது. நிரந்தர வனக் காப்பகத்தில் அனுமதியில்லாமல் செடிகொடி வெட்டுவதும் நிலத்தைக் கிளறுவதும் அச்சட்டப்படி குற்றம். மூடப்பட்ட காடென்று அறிவித்துவிட்டால் உள்ளே போவதற்கே அனுமதிச்சீட்டு வேண்டும். எழுத்துக்கு எழுத்துப் படித்தால், பாராங்கத்தியோடு போய்ப் பாதையை மறைத்த புதரை வெட்டும் தன்னார்வலர் குற்றவாளிக்கு மிக அருகில் நிற்கிறார். நடைமுறையில் யாரும் அவரைப் பிடிப்பதில்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு, உரிமை தருவது வேறு.

இந்த விடையின் பலம் மறுக்க முடியாதது. காட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது. விலங்குகளின் நடமாட்டத்தையும் நீர்ப்பிடிப்பையும் மொத்தமாகப் பார்க்கும் கண் அரசுக்கு மட்டுமே இருக்க முடியும். பலவீனமும் தெரிந்ததே. பாதையைப் பேண ஆளும் பணமும் வேண்டும், மூடுவதற்கு ஒரு பலகை போதும். ஆகவே ஒரு விபத்து நடந்தால் முதலில் வருவது பலகை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தபோது தமிழ்நாட்டிலும் இதுவே நடந்தது. முதலில் தடை, பிறகு விதிமுறை. 2024இல்தான் வனத்துறையே 40 தடங்களை வரையறுத்து உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது.

இரண்டாம் விடை: ஒரே காடு, பல பயன்

காட்டை ஒரு பயனுக்கென்று பூட்டி வைக்காமல் மரம், நீர், விலங்கு, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து நிர்வகிக்கலாம் என்ற கொள்கை அமெரிக்காவில் 1960இல் சட்டமானது. மலேசியாவின் 1978 தேசிய வனக் கொள்கையிலும் 1984 சட்டத்திலும் அதன் சாயல் உண்டு. நிரந்தர வனக் காப்பகத்தை மர உற்பத்தி, மண் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்பு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்குப் புகலிடம், கன்னிக்காடு, ஆராய்ச்சி, கல்வி என்று சட்டம் வகை பிரிக்கிறது. பொழுதுபோக்குக் காடும் அவற்றுள் ஒன்று. லாட்டா கிஞ்சாங் அருவி போன்ற இடங்கள் பொதுமக்கள் நாவில் ‘ஹூத்தான் லீப்பூர்’ ஆனது இப்படித்தான்.

காகிதத்தில் எல்லாப் பயனும் சமம். நிலத்தில் அப்படியில்லை என்பது விமர்சகர்களின் நெடுநாள் வாதம். மாநிலக் கருவூலத்துக்கு மரத்திலிருந்து உரிமப்பணம் வருகிறது. நடப்பவரிடமிருந்து வருவது அனுமதிச்சீட்டுக் கட்டணம் மட்டும். உற்பத்திக் காட்டில் தேர்ந்தெடுத்து வெட்டும் முறைப்படி சுமார் 30 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டு. பொறுமையாகச் செதுக்கிய ஒரு தடம் அந்தச் சுழற்சியில் ஒரே வாரத்தில் லாரிப்பாதையாகிவிடும். உள்மலைகளுக்குப் போகும் பல நடைகள் பழைய லாரிப்பாதையில் தொடங்குவதற்கும் காரணம் இதுவே. பல்பயன் என்பதன் இரண்டு முகமும் அங்கே ஒன்றாகத் தெரியும்: மரம் வெட்டப் போட்ட சாலை இல்லாவிட்டால் பலருக்கு அந்த மலை எட்டியிருக்காது, அதே சாலையின் மண்சரிவுதான் ஓடையைக் கலக்குகிறது.

இன்னொரு வேடிக்கை. 2005க்குப் பிறகு நடுவண் அரசு ஊக்குவித்த காட்டுத்தோட்டத் திட்டத்தில், நடத்தகுந்த மரங்களுள் ஒன்று ரப்பர். தனியார் தோட்டங்கள் ரப்பரை அழித்துச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய காலத்தில், ரப்பர் ‘காடு’ என்ற பெயரில் வனக் காப்பகத்துக்குள் திரும்ப வர வழி பிறந்தது. எது காடு, எது தோட்டம் என்ற கோட்டைப் பல்பயன் கொள்கை தெளிவாக்கவில்லை, மங்கலாக்கியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாம் விடை: நடப்பவரே பேணட்டும்

இந்த விடைக்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம். பெண்டன் மெக்கே 1921இல் யோசனை சொன்னார். 1937இல் தடம் முழுமையடைந்தது. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளத்தை ஊர் ஊராக இருக்கும் நடைச் சங்கங்கள் பங்குபோட்டுப் பேணுகின்றன. ஆனால் இதைச் சுட்டிக்காட்டுபவர்கள் பின்கதையை விட்டுவிடுகிறார்கள். 1968இல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. 1972இல் தேசியக் காடுகளில் வேலை செய்யும் தன்னார்வலர் காயமுற்றால் அரசு ஊழியருக்குரிய இழப்பீடு பெற வழி செய்த இன்னொரு சட்டம் வந்தது. 1984இல் தடத்தின் நிர்வாகப் பொறுப்பில் பெரும்பகுதியை அரசு எழுத்து மூலம் தன்னார்வ அமைப்பிடம் ஒப்படைத்தது. ஆர்வம் மட்டும் அந்தத் தடத்தைக் காப்பாற்றவில்லை, காகிதமும் சேர்ந்துதான் காப்பாற்றியது.

நம் பக்கத்தில் இதற்குச் சமமான சொல் கோத்தோங் ரோயோங். பள்ளிக்கூடத் திடலையும் கோயில் வளாகத்தையும் சேர்ந்து துப்புரவு செய்த பழக்கம் மலைக்கும் நீள்கிறது. பினாங்குக் கொடிமலைப் பாதைகளில் தன்னார்வலர்கள் தேநீர் வைத்து உபசரிக்கும் கொட்டகைகள் பல்லாண்டாக நடக்கின்றன. 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைச் சங்கத்துக்குப் பேராக்கிலும் கிளை உண்டு. எல்லாவற்றையும்விட நெருங்கிய ஒப்புமை கோலாலம்பூரின் புக்கிட் கியாரா. அது ஒரு ரப்பர் தோட்டமாக இருந்து, அரசு பொதுத் தேவைக்காகக் கையகப்படுத்திய நிலம். கைவிடப்பட்ட பால்மரங்களுக்கிடையே நடப்பவர்களும் மலைச் சைக்கிள்காரர்களும் சேர்ந்து தடங்களை அமைத்தார்கள், மரம் நட்டார்கள், வேலிபோட வந்தபோது வாதாடினார்கள். அதன் ஒரு பகுதியான ரிம்பா கியாராவில் அடுக்குமாடி கட்டும் அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ரத்து செய்தது.

வெற்றிக்கதையாகவே இதைச் சொல்லி நிறுத்துவது வழக்கம். ஆனால் அதே தோட்டத்தின் தொழிலாளர் குடும்பங்கள் 1982இல் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீட்டு வரிசைக்கு மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காக நாற்பதாண்டு காத்திருந்தார்கள். ரத்தான திட்டத்திலேயே அவர்களுக்கான வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. பசுமையைக் காக்க வழக்காடியவர்கள் தொழிலாளர்களுக்கு எதிரிகள் அல்லர், வீடு தரப்பட வேண்டும் என்றே அவர்களும் கூறினார்கள். இருந்தும் பூங்காவும் வீடும் ஒன்றையொன்று தடுப்பதுபோல் ஒரு நிலை உண்டாக்கப்பட்டது. தன்னார்வத்தைப் பற்றிய ஆய்வில் இந்த வழக்கைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

இனிக் குறைகள். முதலாவது, தன்னார்வலர் தாம் விரும்பும் இடத்தைத்தான் பேணுவார். காட்சி தெரியும் உச்சிக்குக் கயிறும் ஏணியும் போகும், பயனில்லாத தாழ்வான சதுப்புக்கு யாரும் போகமாட்டார்கள். இரண்டாவது, அன்பினாலேயே கெடுதல் நேரும். வழுக்குகிறதே என்று சிமெண்டுப் படி கட்டிவிடுவார்கள். படியின் ஓரமாக மழைநீர் ஓடி, மூன்று பருவத்தில் படி ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கும். நடப்பவர் அதைத் தவிர்த்துப் பக்கத்தில் மிதிப்பார், பாதை இரண்டாகும். பெருகிய சிமெண்டை எதிர்த்து ஹாங்காங்கில் மலைநடையாளர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள். சரியான வேலை கண்ணுக்கே தெரியாது: பாதையைச் சற்றே வெளிச்சரிவாகச் சாய்த்து, சாய்வாக ஒரு மரக்கட்டையைப் பதித்து, தண்ணீரைப் பத்தடிக்கு ஒருமுறை பள்ளத்தில் இறக்கிவிடுவது. அதைப் படம்பிடித்துப் போட ஆள் இருக்காது. மூன்றாவது, ஒரே பாதையில் நடப்பவர், சைக்கிள்காரர், மோட்டார் சைக்கிள்காரர், நான்கு சக்கர வண்டிக்காரர் என்று எல்லாரும் ‘பயனர்’. மழையில் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் உழுதுவிட்டுப் போனதை நிரவக் கையால் வேலை செய்பவர்களுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும்.

நான்காம் விடை: கட்டணமும் வழிகாட்டியும்

கொர்பு சிகரம் 2,183 மீட்டர். தீபகற்பத்தில் தாகான் சிகரத்துக்கு அடுத்த உயரம். உலு கிந்தா அணைப்பக்கமிருந்து நடை தொடங்குகிறது. வனத்துறை அனுமதிச்சீட்டும், ‘மாலிம் குனோங்’ எனப்படும் பதிவுபெற்ற மலைவழிகாட்டியும் அதற்கு வேண்டும். பணம் கொடுப்பவர் பயனைப் பெறுகிறார், அந்தப் பணம் பாதைக்குப் போகட்டும் என்பது இந்த விடையின் சாரம். கடினமான சிகரங்களுக்கு இது பொருந்தும். தினமும் காலையில் செருப்போடு கிளெடாங் ஏறும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்குப் பொருந்தாது. அன்றியும் வசூலான கட்டணம் அதே பாதைக்குத் திரும்பி வருகிறதா என்பதை வெளியிலிருந்து சரிபார்க்க எளிய வழி இல்லை.

இலங்கை மலையகத்தில் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் அமைத்த பெக்கோ தடம் இவ்வகையில் கவனிக்கத்தக்கது. லயங்களின் வாசல் வழியே தடம் போகிறது. நடப்பவர் செலவழிக்கும் பணத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு எவ்வளவு சேர்கிறது என்பதே அதன் உண்மையான அளவுகோலாக இருக்கும். பேராக்கில் இதுபோல் ரப்பர்த்தடம் ஒன்று அமைக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தேயிலை மலையகத்தில் தொழிலாளர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், பேராக்கில் பெரும்பாலான ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போய்விட்டார்கள். மரமும் போய்விட்டது.

ஐந்தாம் விடை: முன்பே நடந்தவரைக் கேளுங்கள்

பூர்வகுடியினரின் நிலை இவ்விவாதத்தில் மற்றெல்லா நிலைகளையும் உலுக்கக்கூடியது. அவர்களுக்குக் காட்டுத்தடம் பொழுதுபோக்கு வசதியல்ல. தடம் எங்கே போகிறது என்பதே தங்கள் நிலம் எதுவரை என்பதற்குச் சான்று. பூர்வகுடிகளுக்கென ஒதுக்க ஒப்புதலான நிலத்தின் வனப்பொருள் யாருக்கு என்ற கேள்வியைப் பேராக் மாநில அரசுக்கு எதிரான கோப்பராசி கிஜாங் மாஸ் வழக்கு 1991இல் எழுப்பியது. தீர்ப்பு பூர்வகுடிகளுக்குச் சாதகமாக வந்தது. பின்னர் அடோங், சாகோங் தாசி வழக்குகளில் வழக்காற்று நில உரிமையை நீதிமன்றங்கள் ஏற்றன. ஆயினும் 2019இல் கெரிக் வட்டாரத் தாசேக் சூனெக்ஸ் கிராமத்துத் தெமியார் மக்கள் மரவெட்டுக்கு எதிராகப் போட்ட தடுப்பு அகற்றப்பட்டது. நீதிமன்றத்தில் கிடைத்ததும் நிலத்தில் நடப்பதும் ஒன்றாயிருக்கவில்லை.

மலைநடை உலகில் இவர்கள் பெரும்பாலும் சுமைதூக்கியாகவும் வழிகாட்டியாகவும் தோன்றுகிறார்கள். எந்தப் பாதை திறக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் மேசையில் அவர்களைக் காண்பது அரிது. தன்னார்வக் குழு ஒன்று ‘புதுத்தடம் கண்டுபிடித்தோம்’ என்று அறிவிக்கும்போது, அது யாருடைய வேட்டைவழி என்று கேட்கப்படுவதில்லை. இந்த விடைக்கும் வரம்புகள் உண்டு. வழக்காற்று உரிமையை நிறுவச் சான்றுகள் வேண்டும், வழக்குகள் பல்லாண்டு இழுக்கும். எல்லாப் பூர்வகுடிக் கிராமமும் ஒரே கருத்தில் இருக்கும் என்று நினைப்பதும் தவறு.

முன்னாள் தோட்ட மக்களுக்கோ அந்த வழியும் இல்லை. அவர்கள் மூன்று தலைமுறை நடந்த பாதை, சட்டத்தின் கண்ணில் கம்பெனியின் தனிச்சொத்து. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது லயம் போனது, சுடுகாட்டுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போகும் வழியும் பல இடங்களில் கேள்விக்குறியானது. அந்தத் துண்டாடலைப் பற்றி ஊங்கு அசீஸ் எழுதிய ஆய்வு அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிவந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுதான் தொழிலாளர் தங்கள் சேமிப்பால் தோட்டத்தையே வாங்கலாம் என்ற மாற்றுவழியைக் காட்டியது. பாதைக்கான உரிமை வேண்டுமானால் நிலத்தையே வாங்கு என்பது அதன் உட்பொருள். எல்லாராலும் அது முடியவில்லை.

இதனால் ஒரு வினோத நிலை. கைவிடப்பட்ட ரப்பர் காட்டில் இன்று நடக்கும் நகரவாசி, காலில் இடறும் பழைய பால்மங்கைப் பார்த்து வியக்கிறார். அந்த நிரையை வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் ஈப்போவின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் இருக்கலாம். தன்னார்வம் என்ற சொல் ஓய்வுநேரம் உள்ளவரின் சொல். கூலிக்குப் பாதை போட்டவர்களின் உழைப்பை அது வரலாற்றிலிருந்து மெல்லத் துடைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையாளரின் முடிபு. இது தன்னார்வலரின் குற்றமல்ல. கணக்கெடுப்பின் குறை.

கூட்டாகப் பேணுதல் பற்றிய கோட்பாட்டாளர்களும் இங்கே உதவுகிறார்கள். பொதுநிலம் கட்டாயம் சீரழியும் என்று கேரட் ஹார்டின் 1968இல் எழுதினார். பயன்படுத்துபவர்களே விதி வகுத்து நீடித்துக் காக்க முடியும் என்பதை எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் பல நாட்டு உதாரணங்களோடு காட்டினார். ஆனால் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, மேலுள்ள அரசு அந்த ஏற்பாட்டை அங்கீகரிக்க வேண்டும் என்பது. கிளெடாங் தடங்களில் குறைவது பெரும்பாலும் அதுதான்.

விபத்து நேர்ந்தால்

பேச்சு இனிதாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் விழுந்து இறந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை எல்லா விடைகளும் கடைசிக்குத் தள்ளிவைக்கின்றன. கிந்தாவின் நிலம் சாதுவானதல்ல. ஈப்போவில் கல்லுமலை முருகன் கோயில் அமைந்திருக்கும் குனோங் செரோ சுண்ணாம்புக் குன்றில் 1973 அக்டோபரில் பாறை சரிந்து, அடியில் இருந்த வீட்டு வரிசையில் சுமார் 40 பேர் இறந்தார்கள். மலையோடைகளில் மேலே பெய்த மழை திடீரெனச் சுவராக இறங்கும். ‘கெப்பாலா ஆயர்’ என்று ஊரே அதற்கு அஞ்சும். 2010இல் பகாங் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப்போன பணியில் பங்கெடுத்தவர்களிடையே மண்ணிலும் நீரிலும் இருந்த கிருமிகளால் நோய் பரவி உயிரிழப்பு நேர்ந்தது. உதவப் போனவர்களுக்கே வந்த சாவு அது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் முகாம்மீது நிலம் சரிந்து 31 பேர் இறந்ததை அடுத்து நாட்டின் பல இடங்களில் முகாம்களும் மலைத்தடங்களும் மூடப்பட்டன.

கயிறு கட்டியவர் யார், அது அறுந்ததற்கு யார் பொறுப்பு? பலகை வைத்தவர் பாதை பாதுகாப்பானது என்று உறுதியளித்தவராகிறாரா? 1984 சட்டத்தில் தடம் பேணும் தன்னார்வலருக்கென ஒரு பிரிவு இல்லாததால், அமெரிக்கத் தன்னார்வலருக்கு 1972 முதல் இருக்கும் காப்பு இங்கே இல்லை. இதனால் அனுபவமும் நிதானமும் உள்ளவர்கள் பெயர் கொடுக்கத் தயங்குகிறார்கள், துணிந்தவர்கள் பெயரில்லாமல் செய்கிறார்கள். பாதைக்கு இரண்டுமே நல்லதல்ல.

இன்னும் தீராதவை

இவ்வளவையும் சேர்த்து எடைபோட்டால் சில இடங்களில் ஓரளவு ஒத்த கருத்து தெரிகிறது. உயர்சிகரங்களுக்கு அனுமதியும் பயிற்சிபெற்ற வழிகாட்டியும் தேவை என்பதில் பெரிய தகராறு இல்லை. நகரோரக் குன்றுகளுக்கு அதே விதியைப் போடுவது பலிக்காது என்பதிலும் இல்லை. அரசு மட்டும் செய்ய முடியாது, தன்னார்வலர் மட்டும் செய்யக்கூடாது என்பது வரை பெரும்பாலோர் வந்துவிட்டார்கள்.

அதற்கு மேல் கருத்து பிரிகிறது. எழுத்துமூலமான உடன்பாடு வந்தால் தன்னார்வத்தின் உயிர் போய்விடும், கூட்டமும் படிவமுமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் உடன்பாடு இல்லாத இன்றைய நிலையில் இழப்பு பெரிது என்றே தோன்றுகிறது. மரவெட்டுச் சுழற்சி வரும்போது தடம் பேணியவருக்கு முன்னறிவிப்புக் கிடைக்க வழி இல்லை. காப்பகத்திலிருந்து ஒரு பகுதியை விடுவிக்கும் முன் பொதுவிசாரணை வேண்டும் என்று 2022இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது நல்ல அடி. ஆனால் விடுவிக்காமலே, காப்பகம் என்ற பெயரிலேயே காடு மாறுவதை அது தொடவில்லை. பூர்வகுடிக் கிராமங்களின் ஒப்புதலை எந்தக் கட்டத்தில் பெறுவது, வேட்டைவழிகளை வரைபடத்தில் காட்டுவதா மறைப்பதா என்பவற்றுக்கு இன்னும் விடை இல்லை. வரைபடத்தில் ஏறிய தடம் திறன்பேசி வைத்திருப்பவர் எல்லாருக்கும் தடமாகிவிடுகிறது. முன்னாள் தோட்ட நிலங்களில் எஞ்சிய வழிகளைக் கோயில், சுடுகாடு, பள்ளி ஆகியவற்றோடு சேர்த்துப் பதிவு செய்யும் வேலையும் தொடங்கப்பட வேண்டியதாகவே இருக்கிறது. கான் வெட்டி வண்டல் குழி தோண்டிய கைகளில் கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள மாநில அரசின் அனுமதி எதுவும் தேவையில்லை.

ஈப்போவில் மழை வலுக்கும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். அதற்குள் கிளெடாங் தடங்களில் அடைபட்ட கான்களைத் திறந்துவிட வேண்டும். இப்போதைக்கு அதைச் செய்யப்போவது, சட்டத்தில் பெயரில்லாத அதே ஆட்கள்தாம்.